தாத்தா காலத்துப் பாட்டும் டிஸ்கோ அடியும்

1978-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ‘சட்டனூகா சூ சூ’ என்றொரு பாட்டு 32-ஆம் இடம் வரை ஏறியது. ரயில் பயணத்தைப் பற்றிய பாட்டு. அதற்கு அப்போது 37 வயது. 1941-இல் க்ளென் மில்லர் தன் வாத்தியக் குழுவோடு அதைப் பதிவு செய்தபோது 12 லட்சம் தட்டுகள் விற்றன. அதைக் கொண்டாட, தங்க முலாம் பூசிய ஒரு தட்டை 1942 பிப்ரவரியில் அவருடைய இசைத்தட்டு நிறுவனம் அவரிடம் கொடுத்தது. பின்னால் பாடகர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளும் தங்கத்தட்டுகளுக்கெல்லாம் மூத்தது அதுதான். 1978-இல் அதே பாட்டைத் தந்தவர்களின் பெயர் ‘டக்ஸீடோ ஜங்ஷன்’. அந்தப் பெயரும் மில்லர் வாசித்துப் புகழ்பெற்ற இன்னொரு உருப்படியின் தலைப்பு. அவர்களைக் குழு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். லாரின் ரிண்டர் என்ற டிரம்மரும் டபிள்யூ. மைக்கேல் லூயிஸ் என்ற கீபோர்டு கலைஞரும் சேர்ந்து, ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வாசிப்பவர்களையும் சில பாடகியரையும் வைத்து ஒலிப்பதிவு செய்துவிட்டு, உறையில் ஒரு பெயரை அச்சடித்தார்கள். ‘எல் கோகோ’, ‘லே பாம்ப்ளமூஸ்’ என்ற பெயர்களில் வந்த தட்டுகளுக்குப் பின்னாலும் இதே இருவர்தான்.

அந்தச் சில வருடங்களில் இப்படி நிறைய வந்தன. பிரான்சிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த ஜாக் மொராலி என்ற தயாரிப்பாளர் 1975-இல் ‘பிரேசில்’ பாட்டைக் கையிலெடுத்தார். ஆரி பரோசோ 1939-இல் இயற்றிய சாம்பா அது. வால்ட் டிஸ்னியின் ‘சலூடோஸ் அமீகோஸ்’ படத்தின் வழியாக உலகமெங்கும் போனது. மொராலி அதை ‘ரிச்சி ஃபேமிலி’ என்ற பெயரில் வெளியிட்டார். உண்மையில் குடும்பம் எதுவும் இல்லை, அரேஞ்சர் ரிச்சி ரோமின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அது 11-ஆம் இடம் பிடித்தது. ‘விங் அண்ட் எ பிரேயர் ஃபைஃப் அண்ட் டிரம் கோர்’ என்று ராணுவ வாத்தியக் குழுபோலப் பெயர் வைத்துக்கொண்ட இன்னொரு ஸ்டூடியோக் கூட்டம், 1926-ஆம் வருடத்து ‘பேபி ஃபேஸ்’ பாட்டை 1976 தொடக்கத்தில் 14-ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. சால்சோல் ஆர்கெஸ்ட்ரா அதே வருடம் ‘டேஞ்சரின்’ பாட்டால் 18-ஆம் இடம் சேர்ந்தது. இந்தப் பழைய பாட்டுகளை ‘ஸ்டாண்டர்டு’ என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இசைப் பதிப்பாளர்களுக்கும் எழுதப்பட்டு, பாடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தும் தாம் மறையாமல் நின்ற பாட்டுகள் அவை. அவற்றுக்கு டிஸ்கோ அடி போட்டதை மலிவான வித்தை என்று சிரித்து ஒதுக்குவதே இசை விமர்சனத்தில் வழக்கம். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. இந்த முகமற்ற குழுக்கள் பழைய பாட்டுகளைப் பெரும்பாலும் அவை பிறந்த வேலைக்கே திருப்பி அனுப்பின என்பது என் கட்சி. கெடுத்த இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அந்த வேலை என்ன என்று பார்க்க 1930-களுக்குப் போக வேண்டும். பதினைந்து பேர் வரை உட்கார்ந்து வாசிக்கும் ‘பிக் பேண்ட்’ குழுக்கள் ஹோட்டல்களிலும் பால்ரூம்களிலும் வாசித்தது, வந்தவர்கள் ஜோடி சேர்ந்து ஆடுவதற்காக. அந்நாளைய தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தாலே தெரியும். பாட்டின் பெயருக்குக் கீழே ‘ஃபாக்ஸ் டிராட்’ என்று ஆட்டத்தின் வகை அச்சாகியிருக்கும். பாடுகிறவர் யார் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். பல தட்டுகளில் பெயர்கூட இருக்காது, நடுவில் பாட்டு உண்டு என்ற குறிப்பு மட்டும் இருக்கும். குழு முதலில் மெட்டை முழுதாக வாசித்துவிடும், பாடகர் எழுந்து வந்து ஒரு சுற்று பாடிவிட்டு உட்காருவார், பிறகு முடியும் வரை வாத்தியங்களின் ராஜ்ஜியம். டிரம்மர் காலால் மிதிக்கும் பெரிய டிரம், தாளவட்டத்தின் நான்கு அடியிலும் விழுந்துகொண்டே இருக்கும். டிஸ்கோவின் அடையாளம் என்று எல்லோரும் சொல்லும் அந்த நான்கு மிதி, பென்னி குட்மனின் குழுவில் ஜீன் க்ரூப்பா மிதித்ததுதான். ‘சட்டனூகா சூ சூ’ இடம்பெற்ற ‘சன் வேலி செரினேட்’ படத்திலும், மில்லர் குழு வாசித்து முடிந்ததும் நிக்கலஸ் சகோதரர்களும் டோரதி டாண்ட்ரிட்ஜும் அதற்கு ஆடுகிறார்கள். படத்தை எடுத்தவர்களுக்கு அந்தப் பாட்டு எதற்கானது என்பதில் குழப்பமே இல்லை.

இதைவிட நல்ல சாட்சி ‘டேஞ்சரின்’. விக்டர் ஷெர்ட்ஸிங்கர் மெட்டுப் போட்டு ஜானி மெர்சர் எழுதிய இந்தப் பாட்டை ஜிம்மி டார்சி குழு 1942-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அந்தத் தட்டில் ஒரே பாட்டு இரண்டு உருவங்களில் வரும். முதலில் பாப் எபர்லி இழைத்து இழைத்து, காதலில் தோய்ந்து பாடுவார். அவர் முடித்ததும் டிரம்பெட்டுகள் உள்ளே பாயும், வேகம் கூடும். அடுத்து ஹெலன் ஓ’கானல் அதே மெட்டைக் குறும்பாக, வெடுக்வெடுக்கென்று பாடுவார். ஒரே காதலியைப் பற்றி ஒருவர் உருக, இன்னொருவர் கிண்டல் செய்கிறார். அரேஞ்சர் டூட்ஸ் கமராட்டா வகுத்த ஏற்பாடு இது, டார்சி குழுவின் வேறு பாட்டுகளும் இதே அச்சில் வந்தன. ஸ்டாண்டர்டு என்றால் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு பாட வேண்டியது, வேகம் கூட்டுவது அபசாரம் என்று வாதிடுகிறவர்கள் இந்தத் தட்டை ஒரு முறை கேட்டுவிட்டு வரலாம். பாட்டு புதிதாக இருந்தபோதே, அதன் சொந்த வெற்றித் தட்டுக்குள்ளேயே, நடுவழியில் வேகம் மாறிவிட்டது. 1976-இல் சால்சோல் ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் வின்சென்ட் மொன்டானா செய்தது அந்த இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கியதுதான். அவர் அடிப்படையில் வைப்ரஃபோன் வாசிக்கிற ஜாஸ் கலைஞர் என்பதால், மெட்டு அவருக்குப் புதிதும் அல்ல, கேலிப்பொருளும் அல்ல.

பிறகு இந்தப் பாட்டுகள் ஆடும் இடத்தை விட்டு வெளியேறியது எப்படி? ரசனை மாறியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ரசனையைத் தள்ளிக்கொண்டு போன கைகள் வேறு. 1942 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் இறங்கி வர 1944 நவம்பர் ஆனது. வாத்தியக்காரர்கள் ஸ்டூடியோவுக்குப் போக முடியாத அந்தக் காலத்தில், சங்கத்தில் இல்லாத பாடகர்கள் பின்னால் வாத்தியத்துக்குப் பதில் வாய்ப்பாட்டுக் கூட்டத்தை நிறுத்திக்கொண்டு பதிவு செய்தார்கள். நடுவில் ஒரு சுற்று மட்டும் பாடியவர் தட்டின் நாயகரானது அப்போதுதான். 1944 ஏப்ரலில் அரசு கேபரே வரியை 30 சதவீதமாக்கியது. சில மாதங்களில் அது 20 சதவீதமாகக் குறைந்தாலும் அதற்குப் பிறகும் பல வருடம் நீடித்து, 1965 முடிவில்தான் ஒழிந்தது. ஆட்டமோ பாட்டோ உள்ள விடுதிக்கு இந்த வரி. வெறும் வாத்திய இசையை உட்கார்ந்து கேட்கும் இடத்துக்கு இல்லை. விடுதிக்காரர் என்ன செய்வார்? ஆடும் தளத்தில் நாற்காலி போட்டுவிட்டார். போர் முடிந்த சில வருடங்களில் பெரிய குழுக்கள் ஒன்றொன்றாகக் கலைந்தன. 1950-களில் எல்.பி. தட்டுகள் பரவியபோது ஃபிராங்க் சினாட்ராவும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் இந்தப் பாட்டுகளை வீட்டில் அமர்ந்து கேட்கும் இசையாக்கினார்கள். அற்புதமான பதிவுகள், மறுப்பதற்கில்லை. சினாட்ராவிடம் துள்ளலும் உண்டு. ஆனால் ஸ்டாண்டர்டு என்றதும் நமக்கு நினைவில் வரும் அந்த நிதானம், அந்தப் பத்து வருடங்களில் சேர்ந்த பழக்கம். பாட்டுகளின் பிறவிக்குணம் என்று அதைச் சொல்ல முடியாது.

டிஸ்கோ தயாரிப்பாளர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு வரவில்லை. அவர்களுக்கு இருந்தது தேவையும் கணக்கும். ‘பிரேசில்’, ‘டேஞ்சரின்’ இரண்டும் பதிவானது ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில், ஜோ டார்சியா 1968-இல் தொடங்கிய இடம். எர்ல் யங் என்ற டிரம்மர் 1973-இல் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டுக்கு நான்கு மிதியோடு ஹை-ஹாட் தட்டுகளை ‘ட்ஸ்ஸ்’ என்று திறந்து மூடி வாசித்த பாணி, அந்த ஊரிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. அங்கே வயலின்களும் கொம்பு வாத்தியங்களும் ஒரே அறையில் கிடைத்தன. கல்யாண வீட்டிலும் நாடகக் கொட்டகையிலும் ஸ்டாண்டர்டுகளை வாசித்துப் பழகிய மூத்த கைகளும் கிடைத்தன. தாளத்துக்கு மேலே நீண்ட, உடனே பிடிபடுகிற மெட்டு ஒன்று வேண்டும் என்றால், புதிதாக எழுதிக்கொண்டிருப்பதைவிட, கேட்டவர் வாய் தானாகச் சேர்ந்து முணுமுணுக்கும் பழைய மெட்டை எடுப்பது சுலபம். மலிவும்கூட. 1909-ஆம் வருடத்து அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒரு முறை தட்டில் வந்துவிட்டால் பிறகு யாரும் அதைப் பதிவு செய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட் கொடுத்தால் போதும். பாட்டு மூன்று நிமிடமானாலும் பத்து நிமிடமானாலும் அதே 2 சென்ட். 1976 முதல் கடைகளுக்கு வந்த 12 அங்குல டிஸ்கோ தட்டில் பாட்டுகள் ஒன்பது, பத்து நிமிடம் நீண்டபோது, பாட்டெழுதியவருக்கு அதனால் ஒரு காசு கூடவில்லை. 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் 2.75 சென்ட் அல்லது நிமிடத்துக்கு அரை சென்ட், இரண்டில் எது அதிகமோ அது என்று மாற்றியது. பத்து நிமிடத்துக்கு 5 சென்ட் என்றாலும், அதைக் கேட்டு எந்தத் தயாரிப்பாளரும் பயந்து ஓடியதாகத் தெரியவில்லை.

ஆக இது காசுக்காகச் செய்தது என்று ஒருவர் மேசையைத் தட்டினால், ஆமாம் என்பதுதான் பதில். ஆனால் அந்தப் பாட்டுகளை முதலில் எழுதியவர்களில் பலரும் நியூயார்க்கில் பதிப்பாளர் அலுவலகத்தில் பியானோ முன்னால் உட்கார்ந்து, வாரச் சம்பளத்துக்கு மெட்டுப் போட்டவர்கள்தான். இதைவிடக் கூர்மையான எதிர்ப்பு முகமின்மையைப் பற்றியது: பெயர் பொய், உறையில் இருப்பவர் ஒருவர், பாடியவர் வேறொருவர், இப்படி ஒரு குழு எங்கே பாட்டின் ஆன்மாவைத் தொடும் என்பார்கள். ஸ்டாண்டர்டுகளின் சொந்தக் காலத்தை மறந்துவிட்ட எதிர்ப்பு இது. 1920-களில் பென் செல்வின், சாம் லானின் போன்றவர்கள் ஸ்டூடியோவில் ஒரே வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பற்பல பெயர்களில் தட்டுகளாகப் போட்டுத் தள்ளினார்கள். லானினின் ஒரு குழுவுக்கு ‘இப்பானா ட்ரூபடோர்ஸ்’ என்று பெயர். இப்பானா என்பது ஒரு பற்பசை. பற்பசையின் பெயரில் காதல் பாட்டு வெளியிட்ட காலத்தைத் தூய பொற்காலமாக்கி, ‘ரிச்சி ஃபேமிலி’யை மட்டும் போலி என்பது நியாயமில்லை. ஊர் ஊராக இருந்த ஹோட்டல் குழுக்கள்கூடப் பதிப்பாளர் அச்சடித்து விற்ற ஒரே ஏற்பாட்டைத்தான் வாங்கி வாசித்தன. இந்தப் பாட்டுகளுக்கு ஒரே உரிமையாளராக ஒரு குரல் வாய்த்தது பின்னால் நடந்த சங்கதி.

முகமின்மை ஒரு குறையே இல்லை, இந்த வகைக்கு அது தேவை என்றுகூடச் சொல்வேன். அதற்கு எதிர்முனைச் சான்று எத்தல் மெர்மன். ‘ஐ காட் ரிதம்’ பாட்டை 1930-இல் பிராட்வே மேடையில் முதன்முதலாகப் பாடியவரே அவர்தான். 1979-இல், 71 வயதில், ‘தி எத்தல் மெர்மன் டிஸ்கோ ஆல்பம்’ என்ற தட்டில் அதே பாட்டையும் வேறு ஆறு பாட்டுகளையும் டிஸ்கோ அடிக்கு மேலே பாடினார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசையை எட்டுவதற்காக வளர்ந்த குரல். 1979-இலும் அது ஒரு இம்மி குறையவில்லை. அதனாலேயே அந்தத் தட்டு எடுபடவில்லை என்று நினைக்கிறேன். அவர் பாடத் தொடங்கியதும் ஆடுகிற கால் நின்றுவிடுகிறது. ‘என்னைப் பார்’ என்கிற குரல் அது. ஆடும் தளத்தில் பார்க்க வேண்டியது பக்கத்தில் ஆடுபவரை. அசலான நட்சத்திரம், அசலான பாட்டு, அனுபவமுள்ள அரேஞ்சர், எல்லாம் இருந்தும் தோற்றது. பெயர் தெரியாத பாடகியர் கூட்டம் ஜெயித்தது. இன்று மெர்மனின் தட்டை வேடிக்கைக்காகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு இடைஞ்சலான தட்டையும் சொல்லிவிட வேண்டும். 1977-இல் கிரேஸ் ஜோன்ஸ், டாம் மோல்டனின் தயாரிப்பில், எடித் பியாஃபின் ‘லா வீ ஆன் ரோஸ்’ பாடினார். அந்தக் கால மறுபதிவுகளில் இன்றைக்கும் விரும்பிக் கேட்கப்படுவது எது என்றால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். முகமற்ற பாட்டு என்று இதைச் சொல்லவே முடியாது. கேட்ட நொடியில் யார் என்று தெரிகிற குரல். மூலப்பாட்டும் ஆடுவதற்காகப் பிறந்தது என்பதைவிட ஒரு பாடகியின் சொந்தப் பாட்டு என்பதே பொருந்தும். ஆனால் மோல்டன் அதற்கு அவசரமில்லாத, ஊஞ்சல்போன்ற தாளம் கொடுத்தார். ஜோன்ஸ் பியாஃபோடு போட்டி போடாமல் சற்று விலகி நின்று பாடினார். ஒரு நல்ல கலைஞர் விதியை மீறலாம் என்பதற்கு மேல் இதிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே தட்டின் முதல் பக்கத்தில் இடைவெளியில்லாமல் கோத்த பிராட்வே பாட்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

உண்மையான இழப்பு வேறிடத்தில். ஸ்விங் இசையின் ருசி அடியில் இல்லை, அடிகளின் இடைவெளியில் இருக்கிறது. ஒரு அடியை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் துண்டு நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் விழும். அதில்தான் அந்தச் சாய்வு, அந்த நடை. டிஸ்கோவில் இரண்டு துண்டும் சமம். மில்லரின் தட்டில் டெக்ஸ் பெனகேயும் மாடர்னேர்ஸ் குழுவும் ரயில் நிலையத்தில் அரட்டை அடிப்பதுபோல, சொல்லைக் கொஞ்சம் பிந்தவிட்டு, கேலியும் பேச்சுமாகப் பாடுவார்கள். டக்ஸீடோ ஜங்ஷனின் பாடகியர் அதே சொற்களை நூல் பிடித்தாற்போல ஒரே சீராகப் பாடுகிறார்கள். ரயில் ஓடுகிறது, பயணிகளைக் காணோம். டிரம் இயந்திரத்தைக் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் இந்தத் தட்டுகளில் அடித்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களே. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகளை இணைத்து வாசிக்கும் டிஜேக்களுக்குத் தாளம் அசையாமல் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சாய்வைத் தின்றுவிட்டது. இந்தக் குறை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் அடங்காது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: 1975-இல் இருபது வயதுக்காரருக்கு 1942-ஆம் வருடத்துப் பாட்டு எதற்கு? பழைய நாள் ஏக்கம் அப்போது அமெரிக்காவில் நல்ல வியாபாரமாக இருந்தது. ‘தி ஸ்டிங்’ படம் ஸ்காட் ஜாப்ளினின் பியானோ இசையைத் திரும்பக் கொண்டுவந்தது, எம்.ஜி.எம். தன் பழைய இசைப் படங்களின் துண்டுகளைக் கோத்து 1974-இல் ஒரு முழுப் படமாகவே வெளியிட்டது. ஆனால் டிஸ்கோ மன்றங்களுக்குத் தனிக் காரணமும் உண்டு. அந்த மன்றங்களை வளர்த்தவர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஓரினக் காதலர்கள். நியூயார்க்கின் ஓரினக் காதலர் வட்டத்தில் பழைய ஹாலிவுட், பிராட்வே பாட்டுகள்மீது ஆழ்ந்த பற்று இருந்தது. பாதி பக்தி, பாதி பரிகாசம். பெட் மிட்லர் பேர் வாங்கியது அவர்களுக்கான குளியல் விடுதியான கான்டினென்டல் பாத்ஸில் பாடித்தான். ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் 1941-ஆம் வருடத்துப் பாட்டொன்றை அவர் 1973-இல் எட்டாம் இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார். ‘டேஞ்சரின்’ தட்டில் எபர்லியின் உருக்கத்தை ஓ’கானல் கிண்டல் செய்ததை ரசிக்கத் தெரிந்த காதுகளுக்கு, டிஸ்கோ அடியில் அந்தப் பாட்டு வருவதில் அதிர்ச்சி ஏதும் இருந்திருக்காது. இங்கிலாந்திலும் இதே சரக்கு போயிற்று. பெங்களூரில் பிறந்து லண்டன் போன பித்து என்ற தயாரிப்பாளர், ‘சம்மர் ஆஃப் 42’ படத்துக்கு மிஷெல் லெக்ராண்ட் போட்ட மெட்டைத் தன் ஆர்கெஸ்ட்ராவின் பெயரில் டிஸ்கோவாக்கி 1975-இல் வெற்றி கண்டார். பிறகு ‘குர்பானி’ படத்தின் ‘ஆப் ஜைசா கோயி’ வழியாக இந்தியாவுக்கே டிஸ்கோ கொண்டுவந்தவர் அவர்தான்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் நிறுவனங்கள் அந்தப் பெயரையே உச்சரிக்கத் தயங்கின. ஸ்டாண்டர்டுகள் மறுபடியும் மரியாதையாக நாற்காலிக்குத் திரும்பின. 1983-இல் லிண்டா ரான்ஸ்டாட், சினாட்ராவின் அரேஞ்சர் நெல்சன் ரிடிலையே அழைத்து, மெதுவான பாட்டுகளால் ‘வாட்ஸ் நியூ’ ஆல்பத்தைச் செய்தார். அது பல லட்சம் விற்றது. டிஸ்கோ உச்சத்தில் இருந்தபோது அதே அடியில் முதலிடம் பிடித்த ராட் ஸ்டூவர்ட், 2002-இல் கோட்டும் டையுமாக ‘தி கிரேட் அமெரிக்கன் சாங்புக்’ வரிசையைத் தொடங்கினார். ஒரிஜினலுக்கு விசுவாசமான பாணி என்று இவற்றையெல்லாம் நினைக்கத் தோன்றும். ஸ்டூவர்ட்டின் ஆல்பத் தலைப்பாக இருக்கும் ‘இட் ஹேட் டு பி யூ’வின் மெட்டு ஐஷம் ஜோன்ஸுடையது. 1924-இல் அது வந்தபோது, ஜோன்ஸ் சிகாகோவில் ஒரு ஹோட்டல் நடனக் குழுவின் தலைவர்.